லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியின் கணக்கை யார் பார்க்கிறார்கள், வருங்காலத்தை யார் முடிவு செய்கிறார்கள்?

இழையைத் தொடங்கியவர்: பொருளியல் ஆசிரியர்

சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளைப் பற்றிய பேச்சு எப்போதும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இலக்கியம், தத்துவம், வரலாறு, அடிப்படை அறிவியல் ஆகியவற்றை ஒன்றாகப் படிப்பதன் மேன்மையை ஒரு தரப்பார் பேசுகிறார்கள். வரவு செலவை மறுதரப்பார் பேசுகிறார்கள். இரு தரப்பாரும் ஒரே தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவது அரிது. இக்கல்லூரிகளில் பல, பணம் தீர்ந்ததால் மட்டும் மூடப்படவில்லை என்பது என் கருத்து. பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி, அதைக் கேட்டு ஏதேனும் செய்யக்கூடியவர்களுக்கு மிகவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததும் ஒரு காரணம். அதை ஒட்டியே இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஸ்வீட் பிரையர் பெண்கள் கல்லூரி 1901இல் நிறுவப்பட்டது. அந்தக் கோடையோடு கல்லூரி மூடப்படும் என்று 2015 மார்ச் 3 அன்று அதன் நிர்வாகம் அறிவித்தது. அப்போதும், நன்கொடைகளை முதலீடு செய்து வைத்திருக்கும் அதன் அறக்கொடை நிதியில் 8 கோடி டாலருக்கு மேல் இருந்தது. முன்னாள் மாணவிகள் திரண்டார்கள், நிதி சேர்த்தார்கள், நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. ஜூன் மாதத்தில் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் முயற்சியால் உடன்பாடு ஏற்பட்டது. முன்னாள் மாணவிகள் 1.2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். அறக்கொடை நிதியில் நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்த 1.6 கோடி டாலரைச் செலவிட வழி திறக்கப்பட்டது. கல்லூரித் தலைவரும் அறங்காவலர்களில் பெரும்பாலோரும் விலகினார்கள். கல்லூரி தொடர்ந்து நடந்தது. மார்ச்சில் இல்லாத பணம் ஜூனில் எப்படி வந்தது? கொடுக்கக்கூடியவர்கள் மார்ச்சிலும் இருந்தார்கள். நிலைமை இவ்வளவு கடுமையானது என்று தங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதே அவர்களின் முதன்மையான குறையாக இருந்தது.

உண்மை எப்படி மறைகிறது என்பதை ஒரே ஒரு மாணவரை வைத்துப் பார்க்கலாம். அறிவிக்கப்பட்ட கட்டணம் ஆண்டுக்கு 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கை அலுவலகம் அந்த மாணவருக்கு 28,000 டாலர் உதவித்தொகை என்று கடிதம் அனுப்புகிறது. அந்த 28,000 டாலரில் பெரும்பகுதி எந்த நிதியிலிருந்தும் வருவதில்லை. அது கல்லூரி வாங்காமல் விட்ட கட்டணம்தான். கைக்கு வருவது 22,000. அடுத்த ஆண்டு கட்டணத்தை 52,000 ஆக உயர்த்துகிறார்கள். மாணவர் வேறு கல்லூரிக்குப் போய்விடக் கூடாதே என்று உதவித்தொகையை 31,000 ஆக்குகிறார்கள். கட்டணம் உயர்ந்தது, உதவியும் உயர்ந்தது என்று ஆண்டறிக்கை பெருமையோடு சொல்லும். கைக்கு வருவதோ 21,000. கல்லூரி நிதி அலுவலர்களின் தேசியச் சங்கம் அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் எடுத்த கணக்கின்படி, முதலாண்டு மாணவர்களுக்கான சராசரித் தள்ளுபடி 2022-23இல் ஏறத்தாழ 56 விழுக்காடு. அறிவிக்கப்பட்ட கட்டணத்தில் பாதிகூட வசூலாவதில்லை என்பதே இதன் பொருள். ஆனால் எத்தனை பேராசிரியர்களுக்குத் தங்கள் கல்லூரியின் தள்ளுபடி விகிதம் தெரியும்?

இத்தோடு மக்கள்தொகையும் சேர்கிறது. அமெரிக்காவில் 2007இல் 43 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். 2020இல் ஏறத்தாழ 36 லட்சம். 2007இல் பிறந்தவர்கள் 2025இல் பதினெட்டு வயதை எட்டினார்கள். அதற்குப் பிறகு கல்லூரி வாசலுக்கு வரக்கூடியவர்களின் எண்ணிக்கை மொத்தத்தில் குறைந்தே தீரும், ஏனெனில் அந்தக் குழந்தைகள் பிறக்கவே இல்லை. இது பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கைக்குக் கிடைத்துவிட்ட தகவல். ஆயினும் நான் படித்துப் பார்த்த தொலைநோக்குத் திட்டங்களில் பலவும், சேர்க்கை வளரும் என்ற அடித்தளத்தின்மீதே எழுப்பப்பட்டிருக்கின்றன.

கல்லூரியின் முழுக் கணக்கையும் எவர், எப்போது பார்க்க வேண்டும்? பாடத்திட்டத்தையும் பணத்தையும் ஒன்றாக வைத்துப் பேசும் பொறுப்பு யாருடையது? அறங்காவலர்கள், ஆசிரியர்கள், நிதி அலுவலர்கள், படித்தவர்கள் எல்லாரும் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: முன்னாள் அறங்காவலர்

ஐயா, நீங்கள் எழுதியதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். ஆனால் அறங்காவலர்கள் உண்மையை மறைப்பவர்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. அதை மட்டும் ஏற்க முடியவில்லை. நான் ஒரு சிறிய கல்லூரியின் அறங்காவலர் குழுவில் நெடுங்காலம் இருந்தவன். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு முந்நூறு பக்கத்துக்கும் மேற்பட்ட கோப்பு வீட்டுக்கு வரும். கட்டட ஒப்பந்தம், முதலீட்டு அறிக்கை, மாணவர் விடுதி, விளையாட்டு அணிகள் எல்லாம் அதில் இருக்கும். கைக்கு வரும் நிகரக் கட்டணம் எங்கோ ஒரு பிற்சேர்க்கையில், சிறிய எழுத்தில், முந்தைய ஆண்டோடு மட்டும் ஒப்பிடப்பட்டிருக்கும். ஐந்தாண்டுப் போக்கை ஒரே பக்கத்தில் தருமாறு கேட்டபோது, அப்படியொரு பக்கத்தை யாரும் அதுவரை தயாரித்ததே இல்லை என்று தெரிந்தது. எங்களிடமிருந்தும் எதையும் யாரும் வேண்டுமென்று ஒளிக்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்கும்படி எடுத்துவைக்க யாருக்கும் பொறுப்பு தரப்படவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிப்படையாகப் பேசுவதற்கும் விலை உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்ஷயர் கல்லூரி 2019 ஜனவரியில், தனியாகத் தொடர்வது கடினம், கூட்டாளி ஒன்றைத் தேடுகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்த ஆண்டு வழக்கமான முதலாண்டுச் சேர்க்கையே நடக்கவில்லை. இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்த புதிய மாணவர்கள் இருபதுக்கும் குறைவு. தலைவர் ஏப்ரலில் விலகினார். கல்லூரி அப்போது பிழைத்தது உண்மைதான், ஆனால் அந்த ஓர் ஆண்டின் ஓட்டை நான்கு ஆண்டுகளுக்குத் தொடர்ந்தது. தள்ளாடும் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க எந்தப் பெற்றோரும் விரும்பமாட்டார். கடன் கொடுத்த வங்கியும் செய்தித்தாள் படிக்கிறது. எல்லாக் கணக்கையும் எல்லாருக்கும் திறந்துவைப்பது நல்ல எண்ணத்தால் செய்யப்பட்டாலும் அழிவை விரைவுபடுத்தக்கூடும்.

மறுமொழி: தத்துவத் துறை ஆசிரியை

என் அச்சம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கணக்கைத் திறந்து காட்டுகிறோம் என்று நிர்வாகம் சொல்லும்போதெல்லாம், திறக்கப்படும் முதல் பக்கம் எங்கள் துறையின் பக்கமாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த விவாதத்துக்கு அடிப்படையான ஆவணம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், அமெரிக்கக் கல்வி மன்றம், அறங்காவலர் குழுக்களின் சங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கி 1966இல் வெளியான, கல்லூரி ஆளுகை பற்றிய அறிக்கை அது. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆராய்ச்சி, ஆசிரியர் நியமனமும் தகுதியும் ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்று அது சொல்கிறது. இறுதி அதிகாரம் அறங்காவலர்களிடம் இருந்தாலும், இத்துறைகளில் ஆசிரியர்களின் முடிவை மறுப்பது அரிதாகவே, அதுவும் காரணத்தை எடுத்துச் சொல்லியே நிகழ வேண்டும் என்பது அதன் நிலை. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி நிரந்தர ஆசிரியரை நீக்குவதானால் அந்த நெருக்கடி உண்மையானது என்று நிறுவிக் காட்டப்பட வேண்டும் என்பது அதற்கும் முந்தைய 1940 அறிக்கையிலேயே இருக்கிறது.

நடப்பில் என்ன செய்கிறார்கள்? ஆண்டுக்கு எத்தனை பேர் தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற்றார்கள் என்று எண்ணுகிறார்கள். நான்கு பேர் என்று வருகிறது. இரண்டு ஆசிரியர்களுக்கு நான்கு மாணவர்களா என்று கேட்கிறார்கள். அதே இரண்டு ஆசிரியர்களின் தர்க்கவியல், மருத்துவ அறம், அறிமுகத் தத்துவம் ஆகிய வகுப்புகளில் உயிரியலும் பொருளியலும் படிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உட்கார்ந்திருப்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. துறையை மூடினாலும் அந்த நூறு பேருக்கும் யாரேனும் வகுப்பு எடுத்தாக வேண்டும். மிச்சமாவது ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பகுதிதான். ஆனால் கல்லூரி இழப்பது அதைவிடப் பெரிது. துறைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதுதான் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியின் அமைப்பே. ஒவ்வொரு துறையையும் தனிக் கடையாகக் கருதி லாப நட்டம் பார்க்கும் முறை அந்த அமைப்புக்கே பொருந்தாது.

எனவே கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பதோடு நிற்காமல், எந்த அலகில் கணக்கிடுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். அந்த அலகைத் தேர்ந்தெடுப்பதே ஒரு கல்விசார்ந்த முடிவு.

மறுமொழி: கல்லூரி நிதி அலுவலர்

ஆசிரியை அம்மாவின் கடைசி வரியை எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கத் தகும். நான் பணம் எப்படி அசைகிறது என்பதை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் அறக்கொடை நிதியைப் பற்றிய தவறான எண்ணம் இரு தரப்பிலும் இருக்கிறது.

ஒரு கல்லூரியிடம் 10 கோடி டாலர் அறக்கொடை நிதி இருக்கிறது என்றால், ஆண்டுக்குச் செலவிடக் கிடைப்பது 45 லட்சம் டாலர் அளவுக்குத்தான். கடந்த மூன்றாண்டுச் சராசரி மதிப்பில் நான்கரை அல்லது ஐந்து விழுக்காடு எடுப்பது பரவலான வழக்கம். இத்தகைய நிதிகளைக் கையாள்வது பற்றி 2006இல் உருவான மாதிரிச் சட்டத்தை அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் ஏற்றிருக்கின்றன. ஏழு விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் அது விவேகமற்றது என்று கருதலாம் என்ற விதியைச் சேர்த்துக்கொள்ளவும் அது மாநிலங்களுக்கு இடம் தருகிறது. கிடைக்கும் அந்த 45 லட்சத்திலும் பெரும்பகுதிக்குக் கொடையாளரின் நிபந்தனை இருக்கும். இசைப் பேராசிரியருக்கென்று கொடுத்ததைக் கொதிகலன் மாற்றச் செலவிட முடியாது. கொடையாளரின் சம்மதம் கிடைக்காதபோது நிபந்தனையை நீக்க வேண்டுமானால் நீதிமன்றத்துக்கோ அரசின் தலைமை வழக்கறிஞரிடமோ போக வேண்டும். ஸ்வீட் பிரையரில் நடந்தது அதுவே.

பார்வையில் படாமல் கல்லூரியைத் தின்றுகொண்டிருப்பது தள்ளிப்போட்ட பராமரிப்பு. ஒரு நூலகக் கட்டடத்தின் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகத் தொடங்கிய முதல் ஆண்டு ஒட்டுப்போடுகிறோம். வரவு செலவுத் திட்டம் சமமாகிறது. மூன்றாம் ஆண்டு மேல்தளத்து அலமாரிகளை நகர்த்தி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அந்தப் பகுதிக்கு மாணவர்கள் போகாதபடி கயிறு கட்டுகிறோம். அந்த ஆண்டும் வரவு செலவு சமம் என்று அறங்காவலர்களுக்கு அறிக்கை போகிறது. ஐந்தாம் ஆண்டு சுவரில் பூஞ்சை பிடித்து, மின்கம்பிகளையும் மாற்ற வேண்டிவருகிறது. தொடக்கத்தில் ஆகியிருக்கக்கூடிய செலவைப் போல் பல மடங்கு ஆகிறது. சமமாகக் காட்டப்பட்ட அந்த ஐந்து ஆண்டுகளும் உண்மையில் பற்றாக்குறை ஆண்டுகள். கடனை வங்கியிடம் வாங்காமல் கட்டடத்திடம் வாங்கியிருக்கிறோம்.

வெளிப்படையாகக் கடன் வாங்குவதும் அதே அளவு ஆபத்தாகலாம். அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம்-சதர்ன் கல்லூரி 1856இல் தொடங்கியது. 2000களில் அது கட்டடங்களுக்குப் பெரிய அளவில் செலவு செய்தது. பொருளாதார வீழ்ச்சி வந்தது. மாணவர் உதவித்தொகைக் கணக்கில் ஆண்டுக்கணக்காக நடந்துவந்த பிழை ஒன்றும் 2010இல் வெளிப்பட்டது. அதிலிருந்து அது முழுதாக எழவே இல்லை. 2023இல் மாநிலச் சட்டமன்றம் கடனுதவித் திட்டம் ஒன்றையே உருவாக்கியும், மாநிலக் கருவூலத் தலைவர் கடனை மறுத்துவிட்டார். 2024 மே 31 அன்று கல்லூரி மூடப்பட்டது. முடிவெடுத்த ஆண்டுக்கும் விளைவு வந்த ஆண்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுக்கு மேல். முடிவெடுத்தவர்களில் எத்தனை பேர் அப்போது பொறுப்பில் இருந்திருப்பார்கள்?

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி 1892இலிருந்து மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மாணவர்கள் எல்லாரும் கல்லூரியில் வேலை செய்கிறார்கள். உயில் மூலம் நிபந்தனையின்றி வரும் கொடைகளை அப்போதே செலவழிக்காமல் அறக்கொடை நிதியில் சேர்ப்பது என்று அதன் அறங்காவலர்கள் 1920இல் தீர்மானித்தார்கள். அன்றைய வரவு செலவுக்கு அது வலித்திருக்கும். இன்று அந்த நிதி 100 கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. கல்லூரியின் பெரும்பகுதிச் செலவை அதுவே தாங்குகிறது. திட்டமிடல் என்று நான் மதிப்பது இத்தகைய தீர்மானங்களைத்தான்.

மறுமொழி: சிங்கப்பூர் வாசகர்

ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். பணம் மட்டுமே காரணம் என்ற திசையில் விவாதம் போகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இங்கே அமைத்த யேல்-என்யுஎஸ் கல்லூரி 2011இல் நிறுவப்பட்டு 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது, நன்கு பெயரெடுத்தது. 2021 ஆகஸ்ட் மாதம், அதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேறொரு திட்டத்தோடு இணைத்துப் புதிய கல்லூரி அமைப்பதாக அறிவிப்பு வந்தது; கடைசி மாணவர் குழு 2025இல் பட்டம் பெற்றது. அறிவிப்பு வரும்வரை ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் கலந்து பேசவில்லை என்பதே எழுந்த பெரிய எதிர்ப்பு. நாடாளுமன்றத்திலும் கேள்விகள் கேட்கப்பட்டன. தொடக்க ஒப்பந்தத்திலேயே 2025இல் எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம் என்ற பிரிவு இருந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் அந்தப் பிரிவைத் தங்கள் வருங்காலத்தோடு சேர்த்து எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கல்லூரியைக் கலைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைத் தொடக்க ஆவணத்தில் தேடிப் படிப்பது நல்லது.

மறுமொழி: முன்னாள் மாணவி, பழைய மாணவர் சங்கப் பொறுப்பாளர்

சிங்கப்பூர் நண்பர் சொன்னது மிகவும் முக்கியமானது. அதற்கு இன்னும் பழைய சான்று ஆண்டியாக் கல்லூரி. ஒஹாயோ மாநிலத்தில் 1850களில் தொடங்கி, பொதுக்கல்விக்காகப் போராடிய ஹோரஸ் மேனை முதல் தலைவராகக் கொண்ட கல்லூரி அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல ஊர்களில் கிளைகளைத் திறந்து, அவை எல்லாம் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகமாக வளர்ந்தன. தாய்க் கல்லூரி அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாகச் சுருங்கியது. அதற்கென்று தனி அறங்காவலர் குழு இல்லாமல் போயிற்று. 2007இல் பல்கலைக்கழகக் குழு கல்லூரியின் செயல்பாட்டை நிறுத்துவதாக முடிவு செய்தது. 2008 ஜூனில் கல்லூரி மூடப்பட்டது. முன்னாள் மாணவர்கள் 2009இல் வளாகத்தையும் பெயரையும் விலை கொடுத்து மீட்டு, சொந்த அறங்காவலர் குழுவோடு 2011இல் மீண்டும் திறந்தார்கள். அவர்கள் மீட்டதில் கட்டடங்களைவிட மதிப்பு வாய்ந்தது, தங்களுக்கென்று ஒரு குழுவை வைத்துக்கொள்ளும் உரிமை.

அறங்காவலர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரி, 1852இல் தோன்றியது, 2022இல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அந்த இணைப்பு முடிவாகும் முன்பு, அதன் அறங்காவலர் குழுவிலேயே இடம்பெற்றிருந்த முன்னாள் மாணவியர் சங்கத் தலைவி, நிதி ஆவணங்களைப் பார்ப்பதற்காக நீதிமன்றம் போக நேர்ந்தது. குழுவின் வாக்கெடுப்பை நீதிமன்றம் சிறிது காலம் நிறுத்திவைக்கவும் செய்தது. நீங்கள் சொன்ன முந்நூறு பக்கக் கோப்பையாவது எல்லா அறங்காவலருக்கும் தருகிறார்கள் என்று எண்ணியிருந்தேன்.

எங்களைப் போன்றவர்களிடம் நிர்வாகம் பேசும் முறையும் மாற வேண்டும். நன்கொடைக் கடிதத்தில் சிரிக்கும் மாணவர்களின் படங்களும் சாதனைப் பட்டியலும் வருகின்றன. பிறகு ஒரு நாள், எல்லாம் முடிந்தது என்று கடிதம் வருகிறது. நடுவில் ஒரு கடிதம்கூட இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் முன்னாள் மாணவர்கள்கூடத் தாங்கள் படித்த கல்லூரிக்கு இடர் என்று தெரிந்தால் முடிந்ததைக் கொடுப்பார்கள் என்பதை ஸ்வீட் பிரையர் காட்டியது. அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மறுமொழி: ஒரு பெற்றோர்

என் மகள் இத்தகைய கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இவ்வளவு நேரம் நீங்கள் எல்லாரும் நிறுவனத்தைப் பற்றியே பேசினீர்கள். கல்லூரி பாதியில் நின்றுபோனால் அவள் படித்த பாடங்களின் கதி என்ன? முன்கூட்டியே அறிந்துகொள்ள என்னைப் போன்றவர்களுக்கு வழி உண்டா?

மறுமொழி: கல்லூரி நிதி அலுவலர்

அம்மா, அமெரிக்காவில் என்றால் ஓரளவு உண்டு. லாப நோக்கற்ற தனியார் கல்லூரிகள் வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்குரியது. சமயச் சார்புள்ள சில கல்லூரிகளுக்கு விலக்கு உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளின் படிவங்களை அருகருகே வைத்து, வரவைவிடச் செலவு தொடர்ந்து மிகுந்துவருகிறதா என்று பாருங்கள். கூட்டாட்சிக் கல்வித் துறையும் ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் நிதிநிலை மதிப்பெண் ஒன்றைக் கணக்கிடுகிறது. அது மைனஸ் 1 முதல் 3 வரை செல்லும், 1.5க்குக் கீழே போனால் கூடுதல் கண்காணிப்பு வரும்.

மாசசூசெட்ஸில் மவுண்ட் ஐடா கல்லூரி 2018 ஏப்ரலில் அறிவித்து அந்தப் பருவத்தோடே மூடியது. மாணவர்கள் தவித்துப்போனார்கள். அதன் விளைவாக 2019இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. தனியார் கல்லூரிகளின் நிதிநிலை ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். இடர் தெரிந்தால் மாணவர்கள் படிப்பை முடிப்பதற்கான மாற்றுத் திட்டம் முன்கூட்டியே தயாராக வேண்டும். அறங்காவலர்களுக்கும் அவர்களின் நிதிப் பொறுப்பு பற்றிப் பயிற்சி தர வேண்டும். மகளின் கல்லூரியிடம் நீங்கள் நேரடியாகக் கேட்கலாம்: வேறு கல்லூரிகளோடு படிப்பு முடிப்பு ஒப்பந்தம் இருக்கிறதா, மதிப்பெண் பதிவேடுகளைப் பிற்பாடு யார் பாதுகாப்பார்கள்? இதற்கு எழுத்தில் பதில் தரத் தயங்கும் கல்லூரியில் நான் என் பிள்ளையைச் சேர்க்கமாட்டேன்.

மறுமொழி: இழையைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. அறங்காவலர் ஐயாவின் ஹாம்ப்ஷயர் எடுத்துக்காட்டு என்னை வெகுவாக யோசிக்கவைத்தது. கையில் மாற்றுத்திட்டம் எதுவும் இல்லாமல், சேர்க்கைக் காலத்தின் நடுவே ஊருக்கெல்லாம் அறிவிப்பது ஒன்று. நெருக்கடிக்குப் பல ஆண்டுகள் முன்பே, கல்லூரிக்குள் பொறுப்பிலிருக்கும் சிலருக்கு முழுக் கணக்கையும் காட்டுவது வேறொன்று. நான் கேட்பது இரண்டாவதை. தாமதமாக வரும் வெளிப்படைத்தன்மை அழிவை விரைவுபடுத்தும் என்று நீங்கள் சொல்வது சரியென்றால், அதை முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்பதற்கே அது வலுச் சேர்க்கிறது.

திட்டமிடலைப் பற்றி இரண்டு செய்திகள். அமெரிக்கக் கல்வி மன்றத்தின் ஆய்வுப்படி, கல்லூரித் தலைவர்கள் பதவியில் இருந்த சராசரிக் காலம் 2006இல் எட்டரை ஆண்டாக இருந்து, 2022இல் ஏறத்தாழ ஆறு ஆண்டாகக் குறைந்தது. பத்தாண்டுத் திட்டத்தை எழுதும் தலைவர் அதன் முடிவைப் பார்ப்பதில்லை. புதியவர் வந்ததும் புதிய திட்டம். பதவிகளைத் தாண்டி நிலைத்து நிற்பவர்கள் ஆசிரியர்கள்தான். முப்பது ஆண்டுகள் அதே வளாகத்தில் இருப்பவர்கள் அவர்கள். நீண்டகால நினைவு அவர்களிடம் இருக்கிறது, நீண்டகாலக் கணக்கு மட்டும் அவர்களிடம் தரப்படுவதில்லை.

இரண்டாவது, திட்டங்களில் எப்போதும் சேர்ப்பதே இருக்கிறது. செவிலியர் படிப்பு, வணிகப் படிப்பு, விளையாட்டு மேலாண்மை, இணையவழிச் சான்றிதழ் என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். 1990இல் பொருளியலாளர் டேவிட் பிரென்மன், உண்மையான லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் 212தான் இருக்கின்றன என்று கணக்கிட்டார். 2012இல் வெளியான தொடர் ஆய்வு 130ஐ மட்டுமே கண்டது. குறைந்தவற்றில் பெரும்பாலானவை மூடப்படவில்லை. தொழிற்படிப்புகளைச் சேர்த்துச் சேர்த்து வேறொன்றாக மாறின. செவிலியர் படிப்பு ஒரு கல்லூரியைக் காப்பாற்றுமானால் அதை நான் பழிக்கமாட்டேன். ஆனால் அந்த மாற்றம் தனித்தனிச் சிறு முடிவுகளாக, யாரும் முழுப் படத்தைப் பார்த்து வாக்களிக்காமலே நடந்திருக்கிறது என்பது வருத்தம் தருகிறது. இதற்கு மாறாகச் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியைப் பாருங்கள். 1937இலிருந்து எல்லா மாணவர்களுக்கும் ஒரே பாடத்திட்டம், மூலநூல்களை ஒட்டிய சிறு குழு விவாதம், முதன்மைப் பாடம் என்பதே இல்லை. தள்ளுபடிப் போட்டியிலிருந்து விலகி, கட்டணத்தை 52,000 டாலரிலிருந்து 35,000 ஆகக் குறைப்பதாக 2018இல் அறிவித்தது. மீதியை நன்கொடையால் ஈடுசெய்ய முனைந்தது. எல்லாக் கல்லூரிக்கும் இது ஒத்துவராது. எதைச் செய்யமாட்டோம் என்று அவர்கள் முதலில் முடிவு செய்திருந்ததால்தான் கட்டணத்தைப் பற்றியும் துணிந்து முடிவெடுக்க முடிந்தது என்று கருதுகிறேன்.

என் முன்மொழிவு இது. ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் இருவர், அறங்காவலர் குழுவின் நிதிக் குழுவில் உட்கார வேண்டும். அறங்காவலருக்குப் போகும் தாள்கள் அனைத்தும் அதே நாளில் அவர்களுக்கும் போக வேண்டும். நிகரக் கட்டணம், தள்ளுபடி விகிதம், நிபந்தனையற்ற இருப்பு, கடன், தள்ளிப்போட்ட பராமரிப்பு ஆகிய ஐந்தின் பத்தாண்டுப் போக்கும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை ஆண்டுக்கொரு முறை ஆசிரியர் மன்றம் முழுவதற்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

மறுமொழி: முன்னாள் அறங்காவலர்

ஒரே பக்கத்துக்கு முழு ஆதரவு. நிதிக் குழுவில் ஆசிரியர் உட்காருவதையும் ஏற்கிறேன். வாக்குரிமையை மட்டும் ஏற்கமாட்டேன். தன் சக ஊழியரின் வேலை பற்றிய தீர்மானத்தில் ஒருவர் வாக்களிக்கும்போது நல முரண் எழுகிறது. கல்லூரி கடனில் மூழ்கினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர்கள் அறங்காவலர்கள். பொறுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாக்கும் இருக்க வேண்டும்.

மறுமொழி: இழையைத் தொடங்கியவர்

ஐயா, குழுவில் இருக்கும் கட்டட ஒப்பந்தக்காரரும் முதலீட்டு நிறுவனத்தாரும் நல முரண் எழும்போது எழுந்து வெளியே போகிறார்கள். அந்த விதியே ஆசிரியருக்கும் போதும். ஆனால் வாக்கா தாளா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தாளையே கேட்பேன்.

மறுமொழி: தத்துவத் துறை ஆசிரியை

நானும் தாளையே கேட்பேன், இரண்டு நிபந்தனைகளோடு. கணக்கின் அலகு துறையாக இல்லாமல் கற்பிக்கப்பட்ட மாணவர் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். கல்வித் துறைகளின் செலவு காட்டப்படும் அதே பக்கத்தில் நிர்வாகப் பதவிகளின் செலவும், விளையாட்டின் செலவும் அதே அளவு விரிவாகக் காட்டப்பட வேண்டும்.

இவை இரண்டும் நிறைவேறினால் நான் ஒன்றைச் செய்யத் தயார். தத்துவம், சமயவியல், செவ்வியல் மொழிகள் ஆகிய மூன்று துறைகளின் முதன்மைப் பாடங்களையும் ஒரே பட்டமாக இணைத்து, ஓய்வுபெறும் ஒருவரின் இடத்தை நிரப்பாமல் விடும் திட்டத்தை எங்கள் துறையே எழுதி ஆசிரியர் மன்றத்தில் வைக்கும். ஆறு ஆண்டுக்கு முன்பே அந்தக் கணக்கு எங்களிடம் வந்திருந்தால் அப்போதே எழுதியிருப்போம். சென்ற ஆண்டு இதே திட்டம் நிர்வாகத்திலிருந்து உத்தரவாக வந்தபோது, முழு மன்றமும் எதிர்த்து வாக்களித்தது, நானும் எதிர்த்தேன்.